ஒத்திகையில் பாதி வேலை நம்முடையது: மதுரைப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை நகரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும், சாயங்காலம் பள்ளி வாசலில் காத்து நிற்கும் தாத்தா பாட்டிமாருக்கும்,

பள்ளிகளில் நடக்கும் தீ விபத்து, பேரிடர் ஒத்திகைகளைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். உங்களைப் போலவே காலையில் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிற ஒரு தாய் நான். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்திகையைப் பள்ளியும் தீயணைப்புத் துறையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிட்டோம். அதில் பாதி வேலை நம்முடையது. அந்தப் பாதியை நாம் இன்னும் தொடங்கவே இல்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "நாளை ஒத்திகை" என்று செய்தி வந்ததும் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். "சின்னப் புள்ளைகளுக்கு எதுக்குங்க இதெல்லாம்? ராத்திரி தூக்கத்துல அலறும்" என்று ஓர் அம்மா எழுதுவார். "நல்லா இருக்கும்போது நெருப்பு, இடிபாடுன்னு ஏன் வாயால சொல்லணும்?" என்று வீட்டில் பாட்டி கேட்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பாவுக்குப் பாடம் முடியவில்லையே என்ற கவலை. வெயிலில் நிறுத்தினால் மயங்கி விழுமே, படிக்கட்டில் தள்ளுமுள்ளு வந்தால் என்ன ஆவது என்று இன்னொருவருக்குப் பயம். எதற்கு வம்பு என்று அன்றைக்கு மட்டும் பிள்ளைக்கு லீவு சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

இவற்றில் எதையும் அறியாமை என்று நான் தள்ள மாட்டேன். எல்லாம் பாசத்தில் வருகிற பேச்சு. ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் தாய்மாமன் மருமகன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார். பிள்ளை கதறும். பிள்ளை தண்ணீரில் போகட்டும் என்று மாமன் நினைக்கிறார் என்று எந்தத் தாயும் சண்டைக்குப் போனதில்லை. தண்ணீர் உள்ள ஊரில் பிள்ளை நீந்தத் தெரிந்து வளர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் உட்காரும் இடத்தில், அதிலிருந்து இறங்கி வரத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அவ்வளவு எளிய நியாயம்தான்.

இந்தக் கவலைகளுக்கெல்லாம் அடியில், வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பள்ளியில் தீப்பிடித்தால் என் பிள்ளை வெளியே வந்துவிடுமா? அதற்குப் பதில் தெரிந்துகொள்ள நமக்குப் பயம். ஒத்திகை அந்தப் பதிலைச் சொல்லிவிடும். நம் மனம் ஒத்திகையிடமிருந்து ஒதுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததன் விலை என்னவென்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே வளாகத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. ஸ்ரீகிருஷ்ணா உதவிபெறும் பள்ளி அவற்றில் ஒன்று. மாடி வகுப்புகளுக்கு மேலே கீற்றுக் கூரை. சத்துணவு சமைத்த இடத்துக்கும் கீற்றுக் கூரை. முற்பகலில் அடுப்படியில் பற்றிய தீ, மாடிக் கூரைக்குத் தாவியது. எரிந்த கீற்று பிள்ளைகளின் மேலேயே சரிந்தது. இறங்குவதற்கு இருந்தது குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் இறந்தார்கள். எல்லாரும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு நீதிபதி சம்பத் ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. தஞ்சாவூர் நீதிமன்றம் 2014 ஜூலை 30 அன்று பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. பதினொரு பேரை விடுவித்தது. அந்தத் தீர்ப்புக்காகப் பெற்றோர் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். பெற்ற வயிறு அதற்குப் பிறகும் ஆறவில்லை.

கீற்று போனதோடு ஆபத்தும் போய்விட்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டோம். உச்ச நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. கும்பகோணத்தையொட்டித் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பிள்ளைக்குக் கல்வி உரிமை உண்டு என்றால், பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியரும் ஊழியரும் அவற்றைக் கையாளப் பழகியிருக்க வேண்டும், தவறாமல் ஒத்திகை நடத்த வேண்டும் என்றது. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர், ஆசிரியர் அல்லது ஊழியர் இருவர், தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் கொண்ட குழு அமைய வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 2016-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்கென்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆகவே ஒத்திகை என்பது பள்ளி நமக்குச் செய்யும் உபகாரமும் இல்லை, நமக்குத் தரும் தொந்தரவும் இல்லை. 94 பிள்ளைகளைக் கொடுத்த பிறகு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த உரிமை அது.

இப்போது நம் ஊரைப் பார்ப்போம். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இங்கேதான், கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் இன்று சாப்பிட்டுவிட்டுப் பாடம் கேட்கிறார்கள். இதைவிட நல்ல காரியம் எது? ஆனால் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் சமையல் அடுப்பு பள்ளி வளாகத்துக்குள்ளேயே காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு ஒரு தடவை எரிகிறது. கும்பகோணத்தில் தீ தொடங்கியது அடுப்படியில். அப்படியானால் ஒத்திகையில் முதலில் நிற்க வேண்டியவர் சமையல் செய்யும் அம்மாதான். சிலிண்டர் எங்கே இருக்கிறது, வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பது அவருக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறதா? ஒத்திகை மணி அடிக்கும்போது அவரையும் உதவியாளரையும் யாராவது அழைக்கிறார்களா? அவர்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இல்லை. அதனாலேயே கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள்.

நகருக்குள் நிலைமை வேறு. மாசி வீதிகள், வெளி வீதிகள், அவற்றை இணைக்கும் சந்துகள் எங்கும் கடை, குடோன், வீடு, பள்ளி எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. 2020 தீபாவளி நாளில் விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை எரிந்தபோது பழைய கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். பழக்கப்பட்டவர்களுக்கே அந்தத் தெருக்களில் தீ அப்படி இருந்தது. 2024 செப்டம்பர் 12 விடிகாலையில் கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் புகையில் சிக்கினார்கள். இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டடத்துக்குள் பிடிக்கும் தீயில் நெருப்பு வந்து சேரும் முன்பே புகை வந்துவிடுகிறது. மூக்கை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, குனிந்து, சுவரைப் பிடித்தபடி நகர வேண்டும் என்பது புத்தகத்தில் படித்தால் வராது. உடம்பு ஒரு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நாம் நேராகப் பேச வேண்டும். மாடிப் படிக்கட்டின் அடியில் இரும்பு கேட், அதில் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். ஜன்னல்களில் கம்பி. பிள்ளை வெளியே ஓடிவிடக் கூடாது, வெளியாள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று இந்தப் பூட்டுகளைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்தான். ஒரு ஆபத்துக்குப் பயந்து இன்னொரு ஆபத்தின் வாசலை அடைத்திருக்கிறோம். பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பு நடக்கும் நேரத்தில் வாசலில் ஆள் இருக்கட்டும், பூட்டு திறந்திருக்கட்டும் என்று கேட்கச் சொல்கிறேன். மாலையில் பிள்ளைகளை அனுப்பும் டியூஷன் சென்டருக்கும் இதே கேள்வி உண்டு. 2019 மே 24 அன்று சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் நடந்த பயிற்சி மையத்தில் தீப்பிடித்து 22 பேர் இறந்தார்கள். இறங்க வழியின்றிப் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து குதித்ததை நாடே பார்த்தது. நம் ஊர் டியூஷன் மாடிகளுக்கு எத்தனை படிக்கட்டு என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

தீ மட்டுமே ஆபத்து இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2024 அக்டோபரில் ஒரே நாள் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் நனைந்த சுவரின் ஓரம் நிற்காமல் இருப்பதும், இடி இடிக்கும்போது மைதானத்து மரத்தடிக்கு ஓடாமல் வகுப்புக்குள் வருவதும், அறுந்து விழுந்த கரண்ட் கம்பியைக் கண்டால் தள்ளி நிற்பதும் ஒத்திகையில் சேர வேண்டியவைதான்.

இனி, நடக்கிற ஒத்திகை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தீபாவளிக்கு முன்பும் ஏப்ரலில் தீத்தொண்டு வாரத்திலும் தீயணைப்பு வீரர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். மைதானத்தில் எண்ணெய்த் தீயை மூட்டி ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டுகிறார்கள். தீயணைக்கும் கருவியின் ஊசியைப் பிடுங்கி, நெருப்பின் அடிப்பாகத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லித் தருகிறார்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாதே, தரையில் படுத்து உருள் என்கிறார்கள். தீக்காயத்தில் இங்க், பேஸ்ட், மாவு எதையும் பூசாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டச் சொல்கிறார்கள். இவை பொன்னான பாடங்கள். நம் வீட்டு அடுப்படிக்கும் வேண்டியவை. ஆனால் பிள்ளைகள் அப்போது மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் இருக்கும்போது மணி அடித்தால் எந்தப் படிக்கட்டில் இறங்குவது என்று அவர்களின் கால்களுக்கு இன்னும் தெரியாது.

முழுமையான ஒத்திகைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வழக்கமான மணியிலிருந்து வேறுபட்ட ஒரு நீண்ட மணி. பையை எடுக்காமல், ஓடாமல், வரிசையாக வெளியேறுவது. எந்த வகுப்பு எந்தப் படிக்கட்டு என்பது முன்பே முடிவாகி இருப்பது. வருகைப் பதிவேட்டோடு ஆசிரியர் கடைசியாக வருவது. கழிப்பறையையும் ஆய்வுக்கூடத்தையும் ஒருவர் போய்ப் பார்ப்பது. கூடும் இடத்தில் தலை எண்ணுவது. ஒரு பிள்ளை குறைந்தால் யாரிடம் சொல்வது என்று தெரிந்திருப்பது. நடக்க முடியாத பிள்ளைக்குத் துணையாக இருவர், காது கேளாத பிள்ளைக்குக் கையால் தொட்டுச் சொல்ல ஒரு தோழி. வெயில் ஏறும் முன் காலையிலேயே நடத்தினால் மயக்கம் பற்றிய கவலையும் தீரும். படிக்கட்டில் நெரிசல் வருமோ என்ற பயத்துக்கும் இதுவே பதில். ஆண்டுக்குச் சில முறை பழகிய படியில் நெரிசல் குறையும். ஒருநாளும் பழகாத படியில்தான் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள்.

பிள்ளை பயப்படும் என்கிற உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்து. அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கிச் சூட்டுக்கு எதிரான ஒத்திகைகளைச் சில இடங்களில் முன்னறிவிப்பின்றி, நிஜம்போல் நடித்துக்காட்டி நடத்தினார்கள். பிள்ளைகள் உண்மையாகவே சாகப்போகிறோம் என்று நம்பி அழுதார்கள். 2020-ல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதமி, பிள்ளைகளை ஏமாற்றி நடத்தும் இத்தகைய தத்ரூப ஒத்திகைகள் கூடாது என்று அறிக்கையே வெளியிட்டது. நாமும் அந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டு வாங்கலாம். மயங்கிக் கிடப்பதுபோல் பிள்ளைகளை நடிக்க வைக்க வேண்டாம், ரத்தம்போல் சாயம் பூச வேண்டாம், புகை போட வேண்டாம். முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடட்டும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆசிரியையின் முந்தானையைப் பிடித்து ரயில் விளையாடியபடி இறங்குவதே போதும். ஆபத்தைக் காட்டி மிரட்டுவது ஒத்திகை ஆகாது. வழியைக் காட்டித் தைரியம் தருவதுதான் ஒத்திகை.

இப்போது நம் பாதிக்கு வருகிறேன்.

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பதின்மூன்று பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. மிரட்டல் பொய்யென்று தெரிவதற்குள் பெற்றோர் அலறியடித்துக்கொண்டு பள்ளிகளுக்கு ஓடினார்கள். அதே ஆண்டு மதுரைப் பள்ளிகளுக்கும் அப்படி மிரட்டல் வந்தது. அப்படி ஒரு செய்தி வந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் நானும் ஓடியிருப்பேன். எந்தத் தாயால் உட்கார்ந்திருக்க முடியும்? ஆனால் யோசித்துப் பாருங்கள். சாதாரண நாளில் பள்ளி விடும் நேரத்திலேயே நம் பைக்குகளும் ஆட்டோக்களும் வேன்களும் தெருவை அடைத்துக்கொள்கின்றன. நிஜமான ஆபத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியில் நூற்றுக்கணக்கானோர் அந்தச் சந்துக்குள் வண்டியோடு நுழைந்தால், தல்லாகுளத்திலிருந்தோ அனுப்பானடியிலிருந்தோ வரும் தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே போகும்? 108 ஆம்புலன்ஸ் எப்படி வெளியே வரும்? ஆசிரியர் தலை எண்ணும் முன்பே நாம் நம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டால், காணாத ஒரு பிள்ளையைத் தேடி ஒரு வீரர் மறுபடி புகைக்குள் போக நேரும். அந்தப் பிள்ளையோ நம் வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஜப்பானில் சான்ரிகு கடற்கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுனாமியைக் கண்டவர்கள். அலை வந்தால் ஒருவருக்கொருவர் காத்திராமல் அவரவர் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கேட்கக் கடுமையாக இருக்கும். அதற்குள் இருப்பது பெரிய நம்பிக்கை. என் பிள்ளை எங்கிருந்தாலும் ஓடிப் பிழைத்திருக்கும் என்று தாய் நம்புவாள். என்னைத் தேடி அம்மா கடலை நோக்கி வரமாட்டாள் என்று பிள்ளை நம்பும். அந்தக் கடற்கரையில் உள்ள காமைஷி நகரப் பள்ளிகள் இதைப் பிள்ளைகளோடு பெற்றோருக்கும் சொல்லிப் பழக்கின. 2011 மார்ச் 11 அன்று பேரலை வந்தபோது நடுநிலைப்பள்ளி மாணவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறினார்கள். அந்த நகரில் ஏறக்குறைய மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். பிள்ளைகள் பழகியிருந்தார்கள் என்பது ஒரு காரணம். அவர்களைப் பெற்றவர்களும் பழகியிருந்தார்கள் என்பது மற்றொன்று.

நமக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். அதற்காக நான் உங்களிடம் கேட்பவை அதிகமில்லை.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, இந்த ஆண்டு ஒத்திகை எப்போது என்று கேளுங்கள். கடந்த ஒத்திகையில் பிள்ளைகள் வகுப்பிலிருந்து இறங்கினார்களா, எத்தனை நிமிடம் ஆனது, என்ன குறை தெரிந்தது என்று கேளுங்கள். சமையல் அம்மாவும் வேன் ஓட்டுநரும் வாட்ச்மேனும் அதில் இருந்தார்களா என்று கேளுங்கள். தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற குரலில் கேட்க வேண்டாம். அவருக்கும் இதே பயம் உண்டு. கேட்கும் பெற்றோர் கூட இருந்தால் மேலிடத்தில் அவர் பேசவும் பலம் கிடைக்கும்.

ஒத்திகை நாளில் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். முடிந்தால் நம்மில் சிலர் அன்று பள்ளிக்குப் போய், வாசலுக்கு வெளியே நம் பங்கைப் பழகுவோம். வண்டிகளை எந்தத் தெருவில் நிறுத்துவது, பிள்ளைகளை எங்கே, யாரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது என்று பள்ளியோடு பேசி முடிவு செய்வோம். அவசரத்தில் பள்ளியிலிருந்து ஒரே ஒருவர் அனுப்பும் செய்தியை மட்டும் நம்புவோம். மற்றதை யாருக்கும் அனுப்ப மாட்டோம் என்று நமக்குள் வாக்குக் கொடுத்துக்கொள்வோம்.

அன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு எந்தப் படியில எறங்குனீங்க? யாரு முன்னாடி போனா? எங்க போயி நின்னீங்க?" என்று கேளுங்கள். "பயந்தியா?" என்ற கேள்வி பிறகு வரட்டும். பிள்ளை தெளிவாகச் சொன்னால் உங்கள் மனம் ஆறும். சொல்லத் தெரியாவிட்டால் மறுநாள் பள்ளியில் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

கும்பகோணத்துப் பெற்றோர் ஒவ்வொரு ஜூலை 16 அன்றும் பிள்ளைகளின் படங்களுக்கு முன் கூடுகிறார்கள். அவர்களுக்குக் கேட்க வாய்ப்பே கிடைக்காத கேள்விகளை நாம் இன்று உட்கார்ந்து கேட்க முடியும். கூட்டத்துக்கு வாருங்கள். தனியாக வராதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவையும் அழைத்து வாருங்கள்.

அன்புடனும் அக்கறையுடனும்,
உங்களில் ஒரு தாய்,
மதுரை